மெக்சிகோ ஆட்சியில் டெக்சஸ்: படிக்கத் தொடங்குபவருக்குச் சில திறவுச் சொற்கள்

1821 முதல் 1836 வரை டெக்சஸ் மெக்சிகோவின் வடக்கு எல்லைப்புறமாக இருந்தது. அந்தப் பதினைந்து ஆண்டுகளைப் படிக்க உட்காருபவரை முதல் பத்துப் பக்கத்திலேயே கவிழ்த்துவிடுபவை ஸ்பானியச் சொற்கள்தான். அல்கால்தே, ஆயுந்தாமியெந்தோ, எம்ப்ரெசாரியோ, சித்தியோ என்று வரிசையாக வரும். பின்னிணைப்பில் ‘மேயர்’, ‘நகரசபை’ என்று ஒரு வரிப் பொருள் கொடுத்திருப்பார்கள். அதை நம்பி மேலே போனால் ஐம்பதாம் பக்கத்தில் மேயர் ஏன் கொலை வழக்கை விசாரிக்கிறார் என்று குழம்ப வேண்டியிருக்கும்.

எனக்குப் பலன் தந்த வழி ஒன்று உண்டு. சொற்களை அகரவரிசையில் மனப்பாடம் செய்யாதீர்கள். 1827-ல் டென்னசியிலிருந்து மாட்டுவண்டியில் டெக்சஸ் வந்து சேரும் ஒரு குடியேறிக் குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அந்தக் குடும்பம் எந்த வரிசையில் இந்தச் சொற்களைச் சந்தித்ததோ அதே வரிசையில் நீங்களும் சந்தியுங்கள். ஒவ்வொரு சொல்லிடமும் மூன்றே கேள்விகள்: இதை யார் கொடுத்தார்? யாருக்குக் கொடுத்தார்? யாரால் இதை மறுக்க முடியும்? மூன்றாவது கேள்வியை விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். எல்லைப்புற அரசியல் முழுக்க அதில்தான் இருக்கிறது.

முதலில் வரைபடமும் உச்சரிப்பும்

ஸ்பானிய மொழியில் ‘ஜே’ எழுத்துக்கு ‘ஹ’ ஒலி. பழைய எழுத்துமுறையில் ‘எக்ஸ்’ எழுத்துக்கும் அப்படித்தான். ஆகவே டெக்சஸ் அவர்கள் வாயில் தேஹாஸ். இன்றைய சான் அன்டோனியோ அன்றைக்குப் பேஹார். (அந்த ஊர்க்காரர்கள் இன்று தங்கள் மாவட்டப் பெயரைக் கிட்டத்தட்ட ‘பேர்’ என்றே சொல்கிறார்கள்.) இன்னொரு முக்கிய ஊரான லா பாஈயாவுக்கு 1829-ல் கோலியாட் என்று பெயர் மாறியது. மெக்சிகோவின் விடுதலைப் போரைத் தொடங்கிவைத்த பாதிரியார் இதால்கோவின் பெயரில் ஒலிக்காத முதல் எழுத்தை விட்டுவிட்டு மற்றவற்றைக் கலைத்துப் போட்டால் வரும் பெயர் அது. பழைய பெயரும் புதுப் பெயரும் ஒரே ஊர் என்று தெரியாமல் இரண்டு ஊர்களாகக் குறிப்பெடுத்தவர்கள் உண்டு.

வரைபடத்தில் நான்கு ஊர்களைக் குறித்துக்கொண்டால் போதும்: பேஹார், கோலியாட், கிழக்கு ஓரத்தில் நாக்கடோச்சஸ், பிராசோஸ் ஆற்றங்கரையில் சான் ஃபெலிப்பே. அப்புறம் ஐந்தாவதாக, டெக்சஸுக்கு வெளியே தெற்கே மிகத் தொலைவில், சால்தியோ. பெரும்பாலான ஆண்டுகளில் மாநிலத் தலைநகர் அதுதான். 1824 மே 7 அன்று மெக்சிகோ நாடாளுமன்றம் டெக்சஸையும் தெற்கே இருந்த கோவாவிலாவையும் சேர்த்து ஒரே மாநிலமாக்கியது. டெக்சஸில் தனி மாநிலத்துக்குப் போதுமான மக்கள்தொகை இல்லை, வந்ததும் பிரித்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. சிறு வழக்கானாலும் மனுவானாலும் கடைசி முடிவு சால்தியோவிலிருந்து வர வேண்டும் என்றால் குதிரைப் பயணமாக நூற்றுக்கணக்கான மைல். இந்தத் தூரத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஸ்பானியர் விட்டுச்சென்ற மூன்று சொற்கள்

இதை வேகமாகக் கடந்துவிடலாம். மிஷன் என்பது பூர்வகுடிகளைக் கத்தோலிக்கராக்கி ஓரிடத்தில் குடியமர்த்திய மதநிறுவனம். பிரெசிதியோ என்பது படைவீரர் தங்கிய காவல்கோட்டை. வில்லா என்பது குடிமக்களின் ஊர். பேஹாரில் மூன்றும் அடுத்தடுத்து வந்தன: 1718-ல் மிஷனும் பிரெசிதியோவும், 1731-ல் கேனரித் தீவுகளிலிருந்து வந்த குடும்பங்களைக் கொண்டு வில்லாவும்.

இந்த மூன்றையும் கட்டடங்களின் பெயர்களாக நினைக்காமல் வேலைகளின் பெயர்களாக நினைத்தால் குழப்பம் வராது. பிற்காலத்தில் போரால் புகழ்பெற்ற அலமோ, சான் அன்டோனியோ தே வலேரோ என்ற மிஷனாகத் தொடங்கியது. 1793-ல் மிஷன் மூடப்பட்டது. பிறகு அலமோ தே பாராஸ் என்ற ஊரிலிருந்து வந்த குதிரைப்படை அங்கே தங்கியதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. சுவர் அதேதான், வேலை மட்டும் மாறிவிட்டது.

எம்ப்ரெசாரியோ

நம் குடும்பம் டெக்சஸ் எல்லையைத் தாண்டியதும் கேட்கும் முதல் பெயர் இவருடையது. எனக்கு இந்தச் சொல் முதலில் ஜமீன்தார் மாதிரி பட்டது. பெரிய நிலப்பரப்பு ஒன்று இவர் பெயரோடு வரைபடத்தில் இருக்கும், அதில் குடும்பங்கள் வாழும், வேறென்னவாக இருக்க முடியும்? அது தப்பு. அந்த நிலம் இவருடையது அல்ல. அரசோடு ஒப்பந்தம் போட்டு, குறிப்பிட்ட எல்லைக்குள் இத்தனை குடும்பங்களைக் கொண்டுவந்து அமர்த்துகிறேன் என்று பொறுப்பேற்ற குடியேற்ற ஒப்பந்தக்காரர் இவர். நிலம் அரசிடமிருந்து நேராகக் குடும்பத்துக்குப் போகும்.

1825 மார்ச் 24 தேதியிட்ட மாநிலக் குடியேற்றச் சட்டம் இவருக்கு ஆறு ஆண்டு தவணை கொடுத்தது. நூறு குடும்பங்களாவது வந்தால்தான் ஒப்பந்தம் நிற்கும். ஒவ்வொரு நூறு குடும்பத்துக்கும் வெகுமதியாக ஐந்து சித்தியோவும் ஐந்து லபோரும் (நில அளவுகள், கீழே பார்ப்போம்) இவருக்குச் சொந்தமாகக் கிடைக்கும். இன்றைய கணக்கில் சுமார் 23,000 ஏக்கர். சிறிய பரப்பு அல்ல, ஆனால் ஒப்பந்த எல்லைக்குள் இருந்த மொத்த நிலத்தோடு ஒப்பிட்டால் ஒரு துண்டுதான்.

ஆட்களை வைத்துப் பார்த்தால் சொல் இன்னும் தெளிவாகும். 1820 டிசம்பரில் மோசஸ் ஆஸ்டின் பேஹார் வந்து ஸ்பானிய அதிகாரிகளிடம் முந்நூறு குடும்பங்களைக் கொண்டுவர அனுமதி கேட்டார். மறு மாதம் அனுமதி கிடைத்தது, ஜூனில் அவர் இறந்துபோனார். அதே ஆண்டு மெக்சிகோ ஸ்பெயினிலிருந்து விடுபட்டது. மகன் ஸ்டீபன் ஆஸ்டின் அனுமதியைப் புதுப்பிக்க மெக்சிகோ நகருக்குப் போய் ஏறக்குறைய ஓராண்டு காத்துக்கிடந்தார். குடியேறிகளிடம் ஏக்கருக்குப் பன்னிரண்டரை சென்ட் வாங்கிக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு. அது கூடாது என்று 1824-ல் நிறுத்தியவர் பேஹாரில் இருந்த அரசியல் தலைவர் ஹோசே அன்டோனியோ சவுசேதோ. மூன்றாவது கேள்வி இங்கே வேலை செய்கிறது பாருங்கள்.

எதிர்முனையில் ஹேடன் எட்வர்ட்ஸ். நாக்கடோச்சஸ் பகுதியில் எண்ணூறு குடும்பங்களுக்கு ஒப்பந்தம். போனவுடன், ஏற்கெனவே அங்கே தலைமுறையாக வாழ்ந்தவர்களைப் பார்த்துப் பத்திரத்தைக் காட்டுங்கள், இல்லாவிட்டால் நிலத்தை விற்றுவிடுவேன் என்று அறிவிப்பு ஒட்டினார். தன்னைச் சொந்தக்காரர் என்று நினைத்துக்கொண்ட எம்ப்ரெசாரியோ அவர். அரசு ஒப்பந்தத்தை ரத்துசெய்தது. 1826 டிசம்பர் 21 அன்று அவர் தரப்பு ஃபிரெடோனியா என்ற பெயரில் தனிக் குடியரசு அறிவித்தது, சில வாரங்களில் அது கலைந்தும் போனது. அடக்கப் போன மெக்சிகோ படையோடு ஆஸ்டினின் குடியேறிகளும் சேர்ந்து போனார்கள். அமெரிக்கர் ஒருபக்கம், மெக்சிகோ மறுபக்கம் என்று கோடு போட்டுப் படிப்பவர்களுக்கு இந்த ஒரு சம்பவம் போதும், கோட்டை அழிக்க.

எல்லா எம்ப்ரெசாரியோக்களும் அமெரிக்கர்கள் அல்ல என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். விக்டோரியா நகரை 1824-ல் நிறுவிய மார்த்தீன் தே லெயோன் மெக்சிகோக்காரர்.

வாரா, லபோர், சித்தியோ

நம் குடும்பம் இப்போது நிலம் கேட்கிறது. அளவுகள் புரியாமல் இந்த வரலாறு புரியாது, எனவே காகிதமும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடிப்படை அலகு வாரா. டெக்சஸில் அது 33⅓ அங்குலம், சுமார் 85 செ.மீ. ஆயிரம் வாராவுக்கு ஆயிரம் வாரா சதுரம் ஒரு லபோர், சுமார் 177 ஏக்கர். ஐயாயிரத்துக்கு ஐயாயிரம் வாரா சதுரம் ஒரு சித்தியோ, சுமார் 4,428 ஏக்கர். லபோர் உழவு நிலம், சித்தியோ மாடு மேய்க்கும் நிலம். பயிர் மட்டும் செய்யும் குடும்பத்துக்கு ஒரு லபோர், மாடும் வளர்த்தால் ஒரு சித்தியோ வரை. வந்தவர்கள் எல்லோருமே தங்களை மாடு வளர்ப்பவர்கள் என்று சொல்லிக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை. தனியாளுக்கு இதில் கால் பங்கு.

விலையையும் போட்டுப் பாருங்கள். 1825 சட்டப்படி ஒரு சித்தியோவுக்கு அரசுக்குக் கட்ட வேண்டியது 30 பெசோ, அதையும் நான்காம், ஐந்தாம், ஆறாம் ஆண்டுகளில் தவணையாகக் கட்டலாம். அளவையாளர் கூலி, பத்திரச் செலவு தனி. அதே காலத்தில் அமெரிக்க அரசு ஏக்கருக்கு 1.25 டாலர் ரொக்கமாகக் கேட்டது. 4,428 ஏக்கருக்கு 5,535 டாலர். பெசோவும் டாலரும் அன்று ஏறக்குறைய சமம். 1819 பொருளாதார நெருக்கடியில் கடனாளியான ஒரு குடும்பம் ஏன் மொழியும் மதமும் தெரியாத நாட்டுக்கு வண்டி கட்டியது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். ஆங்கிலப் புத்தகங்களில் லபோர் என்ற சொல் ‘உழைப்பு’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் அதே எழுத்துகளோடு இருக்கும். ‘ஒரு லீக்கும் ஒரு உழைப்பும் பெற்றார்’ என்று குறிப்பெடுத்துவிடாதீர்கள். அந்த லீக்தான் அடுத்தது. சித்தியோவையே ஆங்கிலத்தில் லீக் என்பார்கள், அது பரப்பு. ஆனால் 1824 ஆகஸ்ட் 18 தேசியச் சட்டம், அயல்நாட்டு எல்லையிலிருந்து இருபது லீக்குக்குள்ளும் கடற்கரையிலிருந்து பத்து லீக்குக்குள்ளும் மத்திய அரசின் சம்மதமில்லாமல் குடியேற்றக் கூடாது என்கிறது. அங்கே லீக் தூரம், ஒன்று நான்கு கிலோமீட்டருக்குச் சற்று மேல். அதே சட்டம் ஒருவர் கையில் பதினொரு லீக்குக்கு மேல் சேரக் கூடாது என்னும்போது மறுபடி பரப்பு. சுற்றியுள்ள வாக்கியத்தைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

இன்னொரு சொல்லையும் இங்கேயே பார்த்துவிடலாம்: பால்தீயோ, அதாவது தரிசு, உரிமையாளர் இல்லாத அரசு நிலம். குடியேற்றச் சட்டங்கள் கொடுத்ததெல்லாம் இந்த ‘காலி’ நிலத்தைத்தான். வடமேற்கே கொமான்ச்சிகளும் கடலோரத்தில் கரான்காவாக்களும் வாழ்ந்து, வேட்டையாடி, தங்கள் வழித்தடமாகப் பயன்படுத்திய நிலம் அது. கிழக்கே வந்து தங்கிய செரோக்கிகள் மெக்சிகோ அரசிடம் முறையாகப் பட்டா கேட்டு அலைந்தார்கள். அவர்களுக்கு உறுதியான பத்திரம் கிடைக்கவில்லை. ஆவணத்தில் பால்தீயோ என்று கண்டால் அங்கே யார் இருந்தார்கள் என்று ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வைப்பது என் பழக்கம்.

பத்திரம்

நிலத்தைக் கையில் கொடுப்பவர் கொமிசியோனாதோ, அரசு நியமித்த நில ஆணையர். ஆஸ்டினின் முதல் குடியேற்றத்தில் அது பாஸ்த்ரோப் பிரபு என்று அழைத்துக்கொண்டவர். பிரபு பட்டம் அவரே சூட்டிக்கொண்டது என்பது வேறு கதை. முத்திரைத்தாளில் எழுதிய மூலம் புரொத்தொகொலோ, அது அலுவலகத்தில் இருக்கும். குடியேறிக்குத் தரும் சான்றுநகல் தெஸ்திமோனியோ. இந்தக் காலத்துப் பத்திரங்கள் பெருமளவில் இன்றும் ஆஸ்டின் நகரில் உள்ள டெக்சஸ் பொது நில அலுவலகத்தின் ஸ்பானியப் பிரிவில் இருக்கின்றன.

பத்திரங்களில் ஒரு பகுதியைத் தேடிப் படியுங்கள். ஆணையர் புது உரிமையாளரைக் கையைப் பிடித்து நிலத்தில் நடத்திச் செல்வார். அவர் புல்லைப் பிடுங்குவார், கல்லை எறிவார், முளைக்குச்சி நடுவார், இந்த நிலம் என்னுடையது என்று உரக்கச் சொல்வார். காலங்காலமாக ஸ்பானிய உலகில் நடந்த சடங்கு இது. பல பத்திரங்களில் ஒரே வாசகம் திரும்பத் திரும்ப வரும், அதனால் எல்லோரும் உண்மையிலேயே புல் பிடுங்கினார்கள் என்று நான் எடுத்துக்கொள்வதில்லை.

நிபந்தனைகளும் உண்டு. நன்னடத்தைச் சான்று, விசுவாசப் பிரமாணம், ஆறு ஆண்டுக்குள் நிலத்தைப் பயன்படுத்துவது, கத்தோலிக்க மதம். மதத்தைப் பொறுத்தவரை காகிதம் ஒன்று சொல்ல, தரை வேறொன்று சொன்னது. ஆஸ்டின் குடியேற்றத்தில் பாதிரியாரே இல்லாத ஆண்டுகள் உண்டு. கல்யாணம் செய்ய விரும்பியவர்கள் பாதிரியார் வந்ததும் முறைப்படி மணந்துகொள்கிறோம் என்று அதிகாரி முன் பிணைப்பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டுச் சேர்ந்து வாழ்ந்தார்கள். 1831-ல் மைக்கேல் முல்டூன் என்ற அயர்லாந்துப் பாதிரியார் வந்து தாராளமாக ஞானஸ்நானம் கொடுத்தார். பெயருக்கு மதம் மாறியவர்களை ‘முல்டூன் கத்தோலிக்கர்’ என்று ஊரே கேலி செய்தது.

அல்கால்தேயிலிருந்து மேலே

பக்கத்து நிலத்துக்காரரோடு எல்லைத் தகராறு வந்துவிட்டது. இப்போது அல்கால்தே. ஊர்த்தலைவர், நீதிபதி, பதிவாளர் மூன்றும் ஒரே ஆள், ஆண்டுக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கப்பட்டவர். சிவில் வழக்கானால் உடனே விசாரணைக்குப் போகாமல் முதலில் சமரசம் பேச வேண்டும். இரு தரப்பும் ஆளுக்கொரு ‘நல்ல மனிதரை’, ஒம்ப்ரே புவேனோ, அழைத்து வரும். அவர்களோடு கலந்து அல்கால்தே ஒரு தீர்வு சொல்வார். பெரிய குற்ற வழக்கு, மேல்முறையீடு எல்லாம் சால்தியோவுக்கு. அந்தத் தூரமும் ஜூரி இல்லாததும், ஆங்கிலேய வழக்கப்படி ஜூரியைப் பார்த்துப் பழகிய குடியேறிகளின் முக்கியக் குறைகளில் சேரும்.

அல்கால்தே தலைமையில் கூடும் சபை ஆயுந்தாமியெந்தோ. உறுப்பினர்கள் ரெஹிதோர்கள், ஊரின் சார்பாக வாதாடும் சட்டப் பிரதிநிதி சிந்திகோ. சான் ஃபெலிப்பேயில் முதல் ஆயுந்தாமியெந்தோ 1828-ல்தான் வந்தது. அதற்கு முன் ஆஸ்டினே விதிகளை எழுதி, அல்கால்தேக்களை வைத்து, மேல்முறையீட்டையும் தானே கேட்டார். ஆகவே எந்த அல்கால்தேயைப் பற்றிப் படித்தாலும் ஆண்டு என்ன என்று பாருங்கள்.

ஆயுந்தாமியெந்தோவுக்கும் ஆளுநருக்கும் நடுவில் ஹெஃபே பொலீத்திகோ, அரசியல் தலைவர். சவுசேதோ இந்தப் பதவியில்தான் இருந்தார். ஆயுந்தாமியெந்தோ ஆளுநருக்கு எழுதும் கடிதம்கூட இவர் வழியாகத்தான் போகும். முதலில் டெக்சஸ் முழுவதும் பேஹார் என்ற ஒரே தெபார்த்தாமெந்தோ (நிர்வாகப் பிரிவு), ஒரே தலைவர். 1834-ல் பேஹார், பிராசோஸ், நாக்கடோச்சஸ் என்று மூன்றானது.

தெபார்த்தாமெந்தோ ஒரு பொறி. 1835 வரை அது மாநிலத்துக்குள் ஒரு பிரிவு. அதன் பிறகு ஜனாதிபதி சாந்தா அன்னா காலத்து மத்தியவாதிகள் மாநிலங்களுக்கு அதிகாரம் தந்த 1824 கூட்டாட்சி அரசியலமைப்பை ஒதுக்கிவிட்டு மாநிலங்களையே ஒழித்து, அவற்றின் இடத்தில் வைத்த அலகுக்கும் அதே பெயர். கூட்டாட்சிவாதி, மத்தியவாதி என்ற இரு சொற்களின் சண்டை முழுக்க இந்த ஒரு சொல்லின் பொருள் மாற்றத்தில் தெரியும். அதை எதிர்த்தது டெக்சஸ் மட்டும் அல்ல. சகாதேகாஸ் போன்ற மாநிலங்களும் எதிர்த்தன, 1835-ல் அடி வாங்கின.

1830 சட்டமும் ‘ஒப்பந்தம்’ என்ற சொல்லும்

1828-ல் எல்லையைப் பார்வையிட வந்த தளபதி மனுவேல் மியெர் இ தெரான், கிழக்கே போகப் போக மெக்சிகோக்காரர் குறைந்து அமெரிக்கர் பெருகுவதைக் கண்டு கவலையோடு எழுதினார். அதன் விளைவு 1830 ஏப்ரல் 6 சட்டம். பதினொன்றாம் பிரிவு அமெரிக்காவிலிருந்து குடியேறத் தடை விதித்து, நிறைவேறாத ஒப்பந்தங்களை நிறுத்தியது. தன் ஒப்பந்தம் ஏற்கெனவே நூறு குடும்பங்களைத் தாண்டியது என்று வாதாடி ஆஸ்டின் விலக்கு வாங்கிக்கொண்டார். மற்றவர்கள் எல்லையைத் திருட்டுத்தனமாகக் கடந்தார்கள். தடை 1834-ல் நீங்கியது.

அடிமைமுறை பற்றிய சொற்களில்தான் அதிக எச்சரிக்கை வேண்டும். 1827 மாநில அரசியலமைப்பு இனி யாரும் அடிமையாகப் பிறக்க முடியாது என்றது, ஆறு மாதத்துக்குப் பிறகு அடிமைகளைக் கொண்டுவரவும் தடை. மறு ஆண்டே மாநிலச் சட்டசபை வெளிநாட்டில் போட்ட வேலை ஒப்பந்தங்கள் செல்லும் என்று ஆணையிட்டது. அதைப் பிடித்துக்கொண்டு குடியேறிகள் எல்லையைத் தாண்டும் முன் தங்கள் அடிமைகளை ஆயுள் முழுக்க நீளும் ‘ஒப்பந்தத்தில்’ கையெழுத்திட வைத்து ‘வேலையாட்கள்’ என்று அழைத்து வந்தார்கள். 1829 செப்டம்பரில் ஜனாதிபதி கெர்ரேரோ அடிமைமுறையை ஒழித்தார், டிசம்பரில் டெக்சஸுக்கு விலக்கு. 1832-ல் ஒப்பந்தங்களுக்குப் பத்தாண்டு வரம்பு. ஆக, இந்த ஆவணங்களில் ‘ஒப்பந்த ஊழியர்’ என்று வந்தால் அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

ஒரு பயிற்சி

மனிதர்களைக் குறிக்கும் இரண்டு சொற்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: தெஹானோ, டெக்சஸில் வாழ்ந்த மெக்சிகோக்காரர். டெக்சியன், அங்கே குடியேறிய ஆங்கிலம் பேசுபவர். பிறகு கொன்சாலஸ் ஊரின் பீரங்கிக் கதையை எடுத்துப் படித்துப் பாருங்கள். எத்தனை சொற்கள் பிடிபட்டன என்று தெரிந்துவிடும்.

கொன்சாலஸ், எம்ப்ரெசாரியோ கிரீன் டிவிட்டின் குடியேற்றத் தலைநகர். பூர்வகுடித் தாக்குதலுக்கு எதிராக வைத்துக்கொள்ள என்று 1831-ல் அரசு ஒரு சிறு பீரங்கியைக் கொடுத்திருந்தது. டிவிட் அதைக் கேட்டது பேஹாரின் ஹெஃபே பொலீத்திகோ ராமோன் மூஸ்கிஸிடம். 1835 செப்டம்பரில் பேஹார் படைத்தலைவர் அதைத் திருப்பிக் கேட்டார். கொன்சாலஸ் அல்கால்தே ஆண்ட்ரூ போன்டன், என் தெபார்த்தாமெந்தோவின் ஹெஃபே பொலீத்திகோவைக் கலந்துகொள்ளாமல் தர முடியாது என்று எழுதினார். முந்தைய ஆண்டுப் பிரிவினையில் அந்த ஊர் பேஹாரிலிருந்து பிராசோஸுக்குப் போயிருந்தது என்பதைக் கவனியுங்கள். ராணுவத்துக்குச் சிவில் நிர்வாக ஏணியைக் காட்டிக் காலம் வாங்கும் பதில் அது. இதற்குள் அண்டை ஊர்களுக்கு ஆள் அனுப்பியாகிவிட்டது. செப்டம்பர் 29 அன்று லெப்டினன்ட் காஸ்தன்யேதா சுமார் நூறு குதிரை வீரர்களோடு வந்தபோது குவாதலூபே ஆற்றில் வெள்ளம், படகுகளெல்லாம் ஊர்ப்பக்கக் கரையில். அல்கால்தேயைப் பார்க்க வேண்டும் என்றார். எதிர்க்கரையிலிருந்து பேசியவர் ரெஹிதோர் ஜோசப் கிளெமென்ட்ஸ்: அல்கால்தே ஊரில் இல்லை, அவர் வரும்வரை காத்திருங்கள்.